தாயாக நடித்தவள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. மட்டாஞ்சேரி உதவி நர்ஸ் வகுப்பில் இன்று, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. டீச்சர் வேலையிலிருந்து ரிட்டையரான பிறகும் உதாரணம் இல்லாமல் பாடம் நடத்த எனக்கு வராது. பல்பு உடைந்திருக்காது, ஆனால் எரியாது. அப்படித்தான் இதுவும் என்றேன்.

பிறகு நடிப்புப் பயிற்சி. பிள்ளை பெற்றவளாக, பள்ளுருத்தியிலிருந்து வரும் சங்கரி உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து விசாரிக்கும் நர்ஸாகக் கமலாக்ஷி.

"குழந்தை அழுதா என்ன தோணும் சேச்சி?"

"யார் புள்ளையோ அழுவுற மாதிரி இருக்கும்."

"செத்துடலாம்னு தோணுமா?"

"தோணும். படகுத்துறைப் பக்கம் போனா காலு தானா நின்னுரும்."

வகுப்பே கைதட்டியது. நானும்தான். சங்கரியே கைக்குழந்தைக்காரி, அதனால்தான் இத்தனை தத்ரூபம்.

ஜூன் 12, வியாழன்

இன்னொரு பிரிவும் பார்க்கட்டும் என்று சங்கரியை மறுபடி நடிக்கச் சொன்னேன். "சினிமாவுக்குப் போடி, இங்க எதுக்கு பெட்பேன் கழுவறே?" என்று கமலாக்ஷி கேலி செய்தாள். சங்கரியும் சிரித்தாள்.

கிளம்பும்போது என்னிடம் கேட்டாள்: "டீச்சர், அந்தப் பொம்பளைக்கு அப்புறம் சரியாயிருமா?"

மருந்தும் துணையும் இருந்தால் சரியாகும் என்றேன்.

"துணை இல்லாட்டி?"

அது அடுத்த பாடம் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

சங்கரி வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கும்.

ஜூன் 18, புதன்

கமலாக்ஷி போன் செய்தாள். நேற்றுக் காலை சங்கரி குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்த் தண்ணீரில் விழுந்திருக்கிறாள். படகுக்காரர்கள் இழுத்துப் போட்டார்களாம். உயிர் இருக்கிறது.

படகுத்துறை. அவ சொன்ன அதே படகுத்துறை. கேட்டுக்கிட்டுத்தானே நின்னேன் — என்னத்தைக் கேட்டேன்?

ஜூன் 21, சனி

மனநல வார்டு. வாசலில் அவள் புருஷன் மாரிச்செல்வம், சிமெண்ட் ஒட்டிய சட்டையோடு. "நல்லாத்தான் இருந்தா டீச்சர். கிளாஸ்ல எல்லாரும் கைதட்டுனாங்கன்னு வந்து சொன்னாளே."

உள்ளே, 'செத்துடலாம்னு தோணுமா' என்ற பாடக் கேள்வியைத் தனியாக, மெதுவாக அவளிடம் கேட்டேன். சங்கரி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதான் ரெண்டு தடவ சொன்னேனே டீச்சர்."

ஜூலை 2, புதன்

மாரிச்செல்வத்தின் அம்மா வந்து குழந்தையை ஊருக்குத் தூக்கிப் போய்விட்டாள். இது நோய், குணமாகிவிடும் என்று போனில் விளக்கினேன். பல்பு உதாரணமும் சொன்னேன்.

"பைத்தியத்துக்கிட்ட பச்சப்புள்ளய விடச் சொல்றீங்களா? நீங்க விடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சங்கரி வகுப்புக்கு வந்தாள். மாத்திரையால் முகம் உப்பியிருக்கிறது. குழந்தை இன்னும் ஊரில்தான்.

இன்றைய பாடம், சிசுவைக் குளிப்பாட்டுவது. வேறு பாடம் எடுக்கட்டுமா என்று அவளைத் தனியே கேட்டேன். "வேண்டாம் டீச்சர். இதுவும் படிக்கணும்ல."

பொம்மையை வாங்கினாள். உள்ளங்கையில் கழுத்தைத் தாங்கி, காதுக்குள் போகாமல் தண்ணீர் ஊற்றினாள். எந்த இடத்திலும் தப்பு இல்லை. யாரும் கைதட்டவில்லை. துவட்டி முடித்தும் அவள் பொம்மையைக் கீழே வைக்கவில்லை.

அடுத்தவளை நான் கூப்பிடவில்லை.