சிவப்புத் துணி கட்டிய ஆலாக் குழிகள்

மே 3
எங்கள் பறவைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில், ‘இந்தக் கரையோரம் பறவை பார்க்க நல்ல இடங்கள்’ என்று தம்பி எழுதிப் போட்டுவிட்டான். உப்பளம், கலங்கரை விளக்கத்துப் பாறை, எல்லாம் சரி. முகத்துவார மணல்திட்டை எதற்குச் சேர்த்தான்? ஆலா என்கிற கடற்பறவைகள் வெறும் மணலில் குழி பறித்து முட்டையிடுகிற இடம் அது. காலையில் போனால் ஒரு கூட்டமே கேமராவோடு குப்புறக் கிடக்கிறது. அதில் பீரங்கி (அவர் லென்ஸ் அந்த நீளம், பெயர் நாங்கள் வைத்தது) எழுந்த இடத்தில் நசுங்கிய முட்டை. சட்டையில் ஒட்டிய மஞ்சள் கருவை வழித்துப் போட்டுவிட்டு, “லைட் பிரமாதம்மா” என்கிறார்.

மே 5
“குழிக்குக் குழி குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுவோம்க்கா. தெரிஞ்சா மிதிக்க மாட்டாங்கல்ல?” என்றான் தம்பி. நல்ல யோசனைதான். என் பழைய போர்வையைக் கிழித்தோம்.

மே 9
மிதிக்கவில்லை. குச்சியைப் பார்த்து நேராக வந்து படுத்துக்கொள்கிறார்கள். தாய் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றுகிறது, முட்டை வெயிலில் வேகிறது. எழுந்திருக்கச் சொன்னால் பீரங்கி, “அஞ்சே நிமிஷம்மா.” அரைமணி நேரமாக அதே அஞ்சு நிமிஷம். சீ, என்ன ஜென்மங்கள்.

மே 12
இப்போது காகங்கள். ஒரு குச்சியில் உட்கார்ந்தது, கீழே முட்டையைக் குத்திக் குடித்தது, அடுத்த குச்சிக்குப் பறந்தது. வரிசையாக. கடைக்குப் பலகை மாட்டுவது போல நாங்களே மாட்டி வைத்திருக்கிறோம் - யாரைத் திட்டுவது? தெற்கு ஓரத்தில் சில குழிகள்தான் மிச்சம்.

மே 13
விடிவதற்குள் எல்லாக் குச்சிகளையும் பிடுங்கினோம். “கொளுத்திப் போடுடா” என்றேன்.
“வேணாம்க்கா. வடக்கே நடுவோம்.”
“அங்க சாக்கடை விழுதுடா. என்ன பறவை இருக்கு?”
“ஒண்ணுமே இல்ல. அதான்.”
மூக்கைப் பொத்திக்கொண்டு நட்டோம். ‘சிவப்புத் துணி தெரிகிற இடம்’ என்று இணையப் பக்கத்தையும் மாற்றிவிட்டான்.

மே 17
சாக்கடை ஓரத்தில் கூட்டம் குப்புறக் கிடக்கிறது. காகங்களும் அங்கேதான், குச்சிக்குக் குச்சி. பீரங்கிக்கு முழங்கை வரை கருப்புச் சேறு.
“பறவை எப்பம்மா வரும்?”
“அஞ்சே நிமிஷம் சார்.”

மே 30
தெற்கு ஓரம். எங்களைத் தவிர ஆளில்லை. மணல் நிறத்தில் ஏதோ அசைந்தது. குஞ்சு. பக்கத்திலேயே இன்னொன்று. தம்பி பையிலிருந்து கேமராவை எடுத்தான். என்னைப் பார்த்தான். திரும்ப உள்ளே வைத்துவிட்டான்.