அடித்த பெயரின் கீழே

கரையான்சாவடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஹேமநாதன் அண்ணாவுக்கு,

நாகவல்லியின் வணக்கம். மஸ்கட்டில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதும் வழக்கத்தை இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன். கணினியில் தட்டினால் எழுதியதைத் திருத்திக்கொண்டே இருப்பேன். அதனால் கையால் எழுதித் தபாலில் போடுகிறேன்.

வியாழக்கிழமை போனில் நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "தமிழு மனசார ஒத்துக்கினானா நாகு? எனக்கு அது மட்டும் தெரியணும். அவனுக்கு இஷ்டம் இல்லன்னா இதழோட ஆசிரியர் நாற்காலி எனக்கு வேணாம்மா." உங்கள் சிநேகிதர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் என்ன பதில் சொல்ல முடியும்? எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஐப்பசி மழையில் தம் கிளினிக்கிலேயே அவர் பக்கவாதம் வந்து சரிந்தபோது நீங்கள் மஸ்கட்டிலிருந்து ஓடி வந்து பார்த்தீர்கள். அப்போது அவர் கண்ணே திறக்கவில்லை. அதன் பிறகு அவர் பேச்சு என்ன ஆயிற்று என்று நானும் உங்களிடம் விவரமாகச் சொன்னதில்லை. இப்போது தடி ஊன்றிக் கூடத்திலிருந்து பால்கனி வரை நடக்கிறார். வலது கை மடியிலேயே கிடக்கிறது. பேச்சில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல். "இருக்கட்டும்."

சட்னி போடட்டுமா என்றாலும் அதுதான். உடற்பயிற்சி கொடுக்க வரும் பெண் கையைப் பிடித்து இழுக்கும்போது வலியில் சொல்வதும் அதுதான். பார்க்க வருகிறவர்கள் அழுதால் அவர்களைத் தேற்றுவதும் அதே சொல்லால். நம் அச்சக வேம்புலி போன வாரம் வந்து, "இன்னா மாமே, ஒத்த வார்த்தைல குடும்பத்தையே ஓட்டிக்கினு கீற. எனக்கு ஆயிரம் வார்த்தை பேசியும் ஊட்ல ஒரு டீ கிடைக்கல" என்றார். இவர் சிரித்தார். ஒரு பக்க உதடு மட்டும் சிரித்தது.

எல்லாச் சொல்லும் போய் இது மட்டும் ஏன் தங்கியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'சிகிச்சை' இதழின் மெய்ப்புகளில் நீங்கள் எதையாவது அடிப்பீர்கள். அவர் அதன் கீழே புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார். அடித்தது செல்லாது, பழையபடியே போடு என்று அச்சகத்துக்கு அர்த்தம். அம்பத்தூரில் பாலிஷ் பட்டறையில் வேலை செய்த அந்தப் பெண்ணின் நுரையீரல் பற்றிய கட்டுரை நினைவிருக்கிறதா? 'அவர் இரண்டு பஸ் மாறி மருத்துவமனைக்கு வந்தார்' என்ற வரி மருத்துவ இதழுக்கு எதற்கு என்று நீங்கள் அடித்தீர்கள். மூச்சுக்குத் தவிக்கிறவள் இரண்டு பஸ் மாறி வந்தாள் என்பதும் நோயின் விவரம்தான் என்று அவர் புள்ளி வைத்தார். பல வருடம் இந்தச் சொல்லை அவர் கை எழுதியது. இப்போது வாய் சொல்கிறது.

போன ஞாயிறு ஆசிரியர் குழுவின் சார்பில் வெற்றிச்செல்வன் வந்திருந்தார். வேலப்பன்சாவடி கல்லூரியில் பாடம் நடத்துகிறாரே, அந்தப் பிள்ளைதான். நல்ல மனம். நாற்காலியில் உட்காராமல் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார். "சார், ரெண்டு இதழ் வரல. ஹேமநாதன் சாரை ஆசிரியராப் போடலாம்னு குழுவுல எல்லாரும் நினைக்கிறோம். உங்க பேரு நிறுவன ஆசிரியர்னு எப்பவும் இருக்கும். நீங்க சரின்னு சொன்னாத்தான் சார்" என்றார். அவர் வெகுநேரம் வெற்றிச்செல்வனைப் பார்த்தார். பிறகு, "இருக்கட்டும்" என்றார்.

வெற்றிச்செல்வன் அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆசிரியர் மனமுவந்து இசைந்தார் என்று கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது. உங்களுக்கு வந்த செய்தியும் அதுதான். நான் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அப்படியே ஆகட்டும் என்றாரா, நான்தான் இருப்பேன் என்றாரா, போகட்டும் விடு என்றாரா? அவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தி, மெய்ப்பும் திருத்திய எனக்கே தெரியவில்லை.

அன்று உடன் வந்திருந்த வேம்புலி மட்டும் வாசலில் நின்று, "இன்னாம்மா இது, இட்லி வேணுமான்னாலும் அதத்தான் சொல்றாரு. அதப் போயி கையெழுத்து கணக்கா வாங்கிக்கினு போறாங்களே" என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

மனது கேட்கவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் பெண், ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அவர் தலை மாற்றி மாற்றி ஆடுகிறது, அதை நம்பாதீர்கள் என்று சொல்லியிருந்தாள். அதனால் செவ்வாய்க்கிழமை, வேம்புலி கொடுத்தனுப்பிய முதல் பக்க மெய்ப்பை அவர் மடியில் வைத்தேன். அதில் அவர் பெயரை அடித்து, மேலே உங்கள் பெயரை எழுதியிருந்தார்கள். இடது கையில் பேனாவைக் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை அழுத்தி, அடித்திருந்த தம் பெயரின் கீழே புள்ளி வைத்தார். கோணல்மாணலாக, ஆனால் ஒரு எழுத்து விடாமல்.

அண்ணா, நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில் என்று இத்தோடு நிறுத்தியிருப்பேன். அவர் இசையவில்லை, நீங்கள் வர வேண்டாம் என்று. அன்று மத்தியானம் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. இன்னும் தமக்கு வேண்டியதைச் சொல்லத் தெரிகிறதே என்று.

அந்தச் சந்தோஷத்தில்தான், அச்சேறாமல் நிற்கிற இதழின் இன்னொரு பக்கத்தையும் கொடுத்தேன். குழந்தைகளுக்கான வலிப்பு மருந்து பற்றிய கட்டுரை. எழுதிய டாக்டர் பதறிப்போய்ப் போன் செய்து, அளவு தப்பாக விழுந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். '5 மில்லி' என்பதை நான் சிவப்பு மையில் அடித்து '0.5 மில்லி' என்று எழுதியிருந்தேன். அவர் அதையும் அதே கவனத்தோடு பார்த்தார். அதே அழுத்தத்தோடு ஐந்தின் கீழே புள்ளி வைத்தார்.

ஐந்து மில்லி, அண்ணா. கைக்குழந்தைக்கு.

பக்கத்தை மெதுவாக அவர் கையிலிருந்து எடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. சரியாகச் செய்துவிட்ட நிம்மதி முகத்தில் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. மாடிக்குப் போய், காய்ந்திராத துணிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

தம் பெயரின் கீழே அவர் வைத்த புள்ளிகள் மனம் வைத்ததா, கை வைத்ததா என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. இரண்டு பக்கங்களையும் வேறு யாருக்கும் காட்டவில்லை. அவர் இசைந்தார் என்று உங்களிடம் நான் பொய் எழுத மாட்டேன். அவர் இசையவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். இந்த இதழைப் பார்த்து மருந்து கொடுக்கிறவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். அவர் தெளிவாக இருந்திருந்தால் தம் பெயரைத் தாமே அடித்திருப்பார். அதைச் செய்ய அவரால் முடியாது என்பதால் நான் செய்கிறேன். பாவமென்றால் அது என்னைச் சேரட்டும்.

மஸ்கட் வேலை சித்திரையோடு முடிகிறது என்றீர்களே. இறங்கியதும் அலுவலகம், குழு என்று போகாமல் நேரே இங்கே வாருங்கள். யார் வந்தாலும் அவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். சில நாள் நானும் அப்படித்தான் பேசுகிறேன். நீங்கள் அப்படிப் பேச வேண்டாம். அவர் உங்கள் மேல் கோபப்பட்டால் எழுந்து போய்விடாதீர்கள். அவர் தணிகிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். முதல் பக்கத்தை நீங்கள் வந்து சேரும்வரை அச்சேற்ற வேண்டாம் என்று வேம்புலியிடம் சொல்லியிருக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. பயணம் நல்லபடியாக அமைய வேண்டும். தாமதிக்காதீர்கள், அண்ணா.

உங்கள் தங்கை,
நாகவல்லி