பனியனைத் தின்ற மூலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பியும் அவன் பெண்டாட்டியும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மேகம் கூடுவதற்கு முன்னாலேயே மழை வரப்போகிறது என்று சொல்லிவிடுகிறது, அதை நோய் என்று நினைக்காதே, இந்த வயதிலும் அது ஒரு வேலை பார்க்கிறது என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒன்று தொடங்கினால் நீ நாலு கேள்வி கேட்பாய், அதற்குள் அங்கே அடுப்பில் ஏதாவது பொங்கிவிடும், இங்கே உன் தம்பி வாசலில் வந்து நிற்பான், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதற்காகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே, ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் அந்த வகுப்பில் கரும்பலகையில் தேதி எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள், இதை என் பேத்தியிடம் சொல்லி வை, அவள் எழுத்தாவது உன்னுடையதைப் போல் கோழி கிளறினது மாதிரி ஆகாமல் இருக்கட்டும்.

அவள் உள்ளங்கையில் மண்புழுவை வைத்துக்கொண்டு நிற்கிற படத்தை நான் காட்டாத ஆள் இல்லை. மூலைக் கடைக்காரரிடம், என் மகள் மண்ணுக்கு டாக்டர், பேத்தி இப்போதே நர்ஸ் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்றேன். அவர் குசும்புக்காரர், "மண்ணுக்கு ஊசி எங்கம்மா போடுவாங்க" என்றார். "முதல்ல உங்க தராசுக்கு ஒண்ணு போடச் சொல்றேன், அதுக்குத்தான் ரொம்ப நாளா முடியல" என்றேன். அந்தப் படத்தில் நீ இல்லை, அவள் கைக்குக் கீழே தாங்கிப் பிடித்திருக்கிற உன் விரல் மட்டும் ஓரத்தில் தெரிகிறது. அதைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் நகம் கடிக்கிறாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ கடைசியாக வந்திருந்தபோது, சாப்பிட உட்கார்ந்த இடத்தில், வயலிலிருந்து எடுத்து வந்த மண்கட்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல வாசனையே இல்லடா, உயிரே இல்ல, எத்தனை தடவைதான் உழுவ" என்றாய். அவன் வாயில் வைத்ததைக்கூட மெல்லாமல், "உன்னைப் படிக்க வச்சதும் இதே மண்ணுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். நீ கிளம்பின அன்று பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தானே தவிர உன் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் "உனக்குத்தாம்மா" என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போகிறான், ஆனால் தூரமாகப் போவதில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று செருப்பைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான், இந்தத் தெருவிலேயே அவ்வளவு சுத்தமான செருப்பு வேறு யாரிடமும் கிடையாது. நீயும் அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்பாயே தவிர அவனிடம் கொடு என்று சொல்ல மாட்டாய். இரண்டும் என் வயிற்றில் பிறந்ததுதானா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம், அந்தப் பிடிவாதம் நான் கொண்டுவந்த சீர். ஆனால் நான் கண்ணை மூடுவதற்குள் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு இப்போது இருக்கிற கவலை.

வயலின் நிலைமை நீ பார்த்ததுதான். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் தட்டில் ஊற்றினது மாதிரி நிற்கிறது, வெயில் அடித்தால் வெடித்து ஓடாகிறது, உரம் போடப் போடச் சோளம் வெளுத்துக்கொண்டே போகிறது. உன் தம்பி சோம்பேறி இல்லை, அறுத்த கையோடு சோளத் தட்டையைக் கொளுத்தி, டிராக்டர் விட்டுப் பொடியாக்கி, ஒரு புல் இல்லாமல் துடைத்து வைப்பான், பார்க்கிறவர்கள் தலை வாரிப் பொட்டு வைத்தது மாதிரி இருக்கிறது என்பார்கள். நீ போனில் எனக்கு விளக்கிச் சொன்னாய், ஒரு கரண்டி நல்ல மண்ணுக்குள் உலகத்து ஜனங்களைவிட அதிகமாக நுண்ணுயிர்கள் இருக்கும், வேர் அதுகளுக்குச் சர்க்கரை கொடுக்கும், அதுகள் பதிலுக்கு மண்ணிலிருந்து சத்தைப் பிரித்து வேருக்குக் கொண்டுவந்து கொடுக்கும், பூஞ்சை இழைகள் வலை மாதிரி ஓடி மண்ணைக் கட்டிப் பிடிக்கும், அப்போதுதான் தண்ணீர் இறங்கச் சந்து இருக்கும், ஓயாமல் புரட்டினால் அந்த வலை அறுந்துபோகும், தட்டையைக் கொளுத்தினால் அதுகளின் சாப்பாடு போச்சு என்று. எனக்கு நன்றாக விளங்கியது. மாதத்துக்கு ஒரு தடவை வீட்டைப் பிரித்துப் போட்டு, அடுப்பையும் அணைத்துவிட்டு, சத்து மாத்திரையை மட்டும் கையில் கொடுத்தால் எந்தக் குடும்பம் உருப்படும். ஆனால் இதை நான் சொன்னால் "இது அவ பேச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான்.

அதனால்தான் நீ சொன்ன அந்தப் பரீட்சையை அவனுக்குத் தெரியாமல் செய்தேன். கலப்பில்லாத பருத்தித் துணியை உழுகிற இடத்தில் ஒன்று, உழாத இடத்தில் ஒன்று புதைத்து வை, இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார், மண்ணுக்கு உயிர் இருந்தால் தின்றிருக்கும், இல்லாவிட்டால் போட்டது போட்டபடி இருக்கும் என்றாயே, அது. வீட்டில் கலப்பில்லாத பருத்தி எது என்று தேடினால் உன் தம்பியின் பனியன்தான் அகப்பட்டது. புதிதாக வாங்கி மடித்து வைத்திருந்ததில் இரண்டை உருவினேன். ஒன்றைச் சோள வரிசைக்கு நடுவில் புதைத்தேன், இன்னொன்றை மோட்டார் அறைக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் புல் மண்டிக் கிடக்கிறதே, அந்த மூலையில் புதைத்தேன். உழாத இடம் என்று நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான், அதையும் இந்த அறுப்பு முடிந்ததும் உழுது சமமாக்கப் போகிறேன் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் பெரிய பனியன் பஞ்சாயத்து நடந்தது. பனியன் இரண்டைக் காணோம் என்று அவன் குதிக்க, "உடம்புலயே ஒண்ணுமேல ஒண்ணாப் போட்டிருப்பீங்க, பாருங்க" என்று அவன் பெண்டாட்டி சொல்ல, நான் பீன்ஸ் நறுக்குவதிலேயே கண்ணாக இருந்தேன்.

போன வாரம் அறுப்பு முடிந்தது. கொளுத்துவதற்காக அடிக்கட்டைகளைப் பிடுங்கிக் குவிக்கப் போன உன் தம்பி பெண்டாட்டி, ஒரு கட்டையை இழுத்தால் வேரோடு சேர்ந்து பனியன் வந்திருக்கிறது, அதில் அவள் கையாலேயே சிவப்பு நூலில் தைத்த அடையாளம் வேறு. கையால் தொடாமல் ஒரு குச்சி நுனியில் அதைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "அத்தை, யாரோ உங்க பிள்ளைக்குச் செய்வினை வச்சிருக்காங்க அத்தை, அவர் துணியை எடுத்து நடு வயல்ல புதைச்சிருக்காங்க, அதான் சோளம் இப்படி வெளுத்துப்போச்சு" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். பின்னாலேயே தெருவில் பாதிப் பேர். யார் மேல் சந்தேகம் என்று ஒருத்தி எடுத்துக் கொடுக்க, இவள் கடைக்காரர் பக்கம் கையை நீட்டப் போனாள், இதற்கு மேல் விட்டால் தெரு இரண்டாகிவிடும் என்று "நான்தான்டி வச்சேன்" என்றேன். அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள் பார், அந்தப் பார்வையை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். "பெத்த பிள்ளைக்கேவா அத்தை" என்றாள்.

கூச்சல் கேட்டு உன் தம்பி வந்தான். எல்லோரையும் அனுப்பிவிட்டு என்னைக் கேட்டான், நானும் ஒன்று விடாமல் சொன்னேன். கத்துவான் என்று பார்த்தேன், கத்தவில்லை. குச்சியிலிருந்து பனியனை எடுத்து உதறி வெளிச்சத்தில் பிடித்தான். வேர் துளைத்த நாலைந்து ஊசி ஓட்டைகளைத் தவிர அதற்கு ஒன்றும் ஆகவில்லை, அலசிக் காயப்போட்டால் மறுநாளே போட்டுக்கொள்ளலாம். அந்தத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தான், பிறகு "ரெண்டு காணாமப் போச்சே, இன்னொண்ணு எங்கே" என்றான். இடத்தைச் சொன்னேன். "அந்த மூலையிலயா" என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தான், நான் முழங்காலை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். மண்வெட்டி தேவைப்படவில்லை, கையாலேயே தோண்டினான், அந்த மண் பிட்ட ரொட்டி மாதிரி பொலபொலவென்று வருகிறது, கறுப்பாக, புழு நெளிய, முதல் மழை விழுந்த நிமிஷத்து வாசனையோடு. பனியனைக் காணோம். கழுத்துத் தையலின் கலப்பு நூல் மட்டும் ஒரு வளையமாகக் கிடந்தது, அதில் கம்பெனிச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான், மற்றதெல்லாம் மண்ணாகிவிட்டது. அந்த வளையத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நான் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, அக்கா வயலைப் பற்றிச் சொன்னதை மனதில் வைக்காதேடா என்றேன். அப்போதுதான் சொன்னான் அம்மாடி. "வயல் செத்துப்போச்சுன்னு அவ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா, அது பரவாயில்லம்மா. கிளம்புற அன்னிக்குக் காலையில இங்க வந்து நின்னு, இந்த மூலையை ஏன்டா புதராப் போட்டு வச்சிருக்க, எல்லாத்தையும் உழுறவனுக்கு இங்க மட்டும் சோம்பலான்னு குத்திக் கேட்டா. இது அவ மூலைம்மா. என் மூலையைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்னு சொல்லிட்டுத்தானே படிக்கப் போனா. டிராக்டர்காரர்கிட்டத் திட்டு வாங்கிட்டு வருஷா வருஷம் இதைச் சுத்தி வளைச்சு ஓட்ட வச்சிருக்கேன். அவளே மறந்துட்டா, அப்புறம் யாருக்கு விட்டு வைக்கிறதுன்னுதான் உழுதுடப் பார்த்தேன்" என்றான். உனக்கு நினைவு வருகிறதா, சமையல்கட்டுக் கழிவையும் சருகையும் அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டிப் பூசணி போடுவாய், அவனை அதற்குப் பக்கத்தில்கூட விட மாட்டாய். உன் அறைச் சன்னலைத் துடைக்கும்போதெல்லாம் அந்த மூலை என் கண்ணில் படும், நானும் டிராக்டர் திரும்ப இடம் இல்லாமல் விட்டிருக்கிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் நிலத்தில் உயிரோடு இருக்கிற இடம் அவன் உனக்காக விட்டுவைத்த இடம் ஒன்றுதான். இப்போதும் அந்தச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நேற்று டிராக்டர்காரர் வந்தார். இன்றோடு இந்தப் புதருக்கு முடிவு கட்டிவிடலாம் என்று கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். உன் தம்பி, "அதை விட்டுடுங்க, அதை ஒட்டி வாய்க்கால் வரைக்கும் இருக்கிற துண்டையும் விட்டுடுங்க" என்றான். "என்னப்பா, புதர் குட்டி போடுதா" என்று அவர் சிரித்துவிட்டுப் போனார். அந்தத் துண்டில் தட்டையைக் கொளுத்தாமல் பரப்பி மூடி வைத்திருக்கிறான். மூலை மண்ணைக் கூடையில் அள்ளி வயல் முழுக்க இறைத்தால் போதுமா என்று உன்னைக் கேட்கச் சொன்னான். நீயே கேளேன்டா என்றால், "அவ நம்பர் என்கிட்ட இல்ல" என்கிறான். நம்பர் இல்லாதவன் மணி அடித்ததுமே எடுத்துப் பார்த்து "உனக்குத்தாம்மா" என்று எப்படிச் சொல்கிறானாம். அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிட்டு, அவனிடம் கொடு என்று சொல். மறந்துவிட்டிருந்தால் மறந்துவிட்டேன்டா என்றே சொல், அதைத் தாங்கிக்கொள்வான், நீ கேட்காமலே இருப்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. எடுத்த எடுப்பில் பாடம் நடத்தாதே, முதலில் சாப்பிட்டாயா என்று கேள்.

இன்னொன்று. அந்தத் தட்டைக்கு அடியில் இன்று காலையில் ஒரு புதுப் பனியனை அவனே புதைத்துவிட்டுக் குச்சி நட்டு வைத்திருக்கிறான். எப்போது தோண்டுவது என்று உன் தம்பி பெண்டாட்டி கேட்டதற்கு, "அக்கா வந்து தோண்டட்டும்" என்றான். எனக்குத்தான் தர்மசங்கடமாக இருக்கிறது. அவன் வயல் பிழைக்க வேண்டும், அந்தப் பனியன் சுவடில்லாமல் மண்ணாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், அடுத்த மூச்சிலேயே நீ வந்து கை வைக்கும்போது அதில் ஒரு முழமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் மனம் ஒத்து, குறைவில்லாமல், நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், என் பேத்தி தொட்டதெல்லாம் துளிர்க்க வேண்டும். நகத்தைக் கடிக்காதே. வரும்போது அவன் அளவுக்குப் பனியன் வாங்கி வா, கலப்பில்லாத பருத்திதானா என்று பார்த்து வாங்கு, பாவம், அவனிடம் போட்டுக்கொள்ள இப்போது ஒன்றுதான் மிச்சம்.

இப்படிக்கு,
சன்னலோரத்திலிருந்து,
உன் அம்மா