பாட்டிலுக்குள் ஒரு புல்

ஜூன் 8, 2025. ஞாயிறு

முதலில் இந்த நோட்டிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோட்டின் மேல் நிற்காது. ஒன்று மேலே ஏறும், அடுத்தது கீழே இறங்கும். ‘ஞ’ போட்டால் நண்டு மாதிரி வருகிறது. அறுபது வருஷம் அரிவாள் பிடித்த கை, எழுபத்திரண்டு வயதில் பேனா பிடித்திருக்கிறது. ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் கலியாண வீட்டில் இருப்பது போல இருக்கிறது எனக்கு.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் மாலை வகுப்பு ஹேமலதா டீச்சர், “மனசுல படறத எழுதுங்க தாத்தா, யாரும் மார்க் போட மாட்டாங்க” என்றார். சரி, மனசில் பட்டதை எழுதுகிறேன்.

என் மகன் முத்துக்குமார் வில்லியனூரில் ஒரு ஒயின் ஷாப்பில் கவுண்டரில் நிற்கிறான். இன்று மூன்று குவார்ட்டர் பாட்டில் வோட்கா கொண்டுவந்தான். மூன்றும் தண்ணீர் போல இருக்கிறது. மூடியைத் திறந்தால் ஒன்று ஆரஞ்சு, ஒன்று எலுமிச்சை, ஒன்று பச்சை ஆப்பிள். நிறமே இல்லாமல் வாசனை மட்டும் எப்படி உள்ளே வந்து உட்கார்ந்தது? மாற்றி மாற்றி மோந்து பார்த்தேன். இத்தனை வருஷம் நான் குடித்த சாராயத்துக்கு ஒரே வாசனைதான், மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்போம்.

இன்னொரு சேதி. என் சம்சாரம் அம்மணியின் தம்பி கோவிந்தராஜ் பிரான்சிலிருந்து வந்திருக்கிறான். மூலக்குளத்தில் அவன் கட்டிய வீட்டில் தங்கியிருக்கிறான். ஜூலை முப்பது வரை இருப்பானாம். நம் வீட்டுக்கு வரமாட்டான். பதினோரு வருஷமாக வருவதில்லை.

ஜூன் 9

ஆப்பிள் வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. கை கழுவ மனசில்லை.

ஜூன் 11. புதன்

முதல் சோதனை. பச்சை ஆப்பிளை டம்ளரில் ஊற்றி ஒரே மடக்கில் குடித்தேன். தொண்டை எரிந்தது, ஆப்பிளைக் காணோம். முத்துக்குமார் தலையில் அடித்துக்கொண்டான்.

“யப்பா, இது சாராயக்கடை இல்ல. பின்னால லாரி வந்து நிக்கற மாதிரி குடிக்கிற. கொஞ்சமா ஊத்தி, ஐஸ் போட்டு, எதுனா கலந்து, மெதுவா.”

மெதுவாகக் குடிப்பது எழுத்துக் கூட்டிப் படிப்பது போலத்தான். ஒவ்வொன்றாக வருகிறது. முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் சூடு.

அளவுக்கு அம்மணியின் இருமல் மருந்து மூடியை எடுத்துக்கொண்டேன். மூன்று மூடி வோட்கா, ஒரு மூடி இஞ்சிச் சாறு, அரை எலுமிச்சம்பழம், மீதிக்கு சோடா. நன்றாக இருந்தது. அடுத்தது ஆப்பிளோடு பன்னீர் சோடா. அது சவரக்கடை வாசனை அடித்தது. இரண்டு வாசனையும் சண்டை போட்டால் குடிப்பவன் தோற்கிறான் என்று தெரிந்துகொண்டேன்.

அம்மணி ஒரு சொட்டுகூடக் குடிக்கமாட்டாள். ஆனால் மூக்கு அவளுடையதுதான் பெரிய மூக்கு. ஆரஞ்சு வோட்காவில் நன்னாரி சர்பத் கலந்து நீட்டினேன். மோந்து பார்த்து, “இத்த மாத்தாத, உப்பு மட்டும் ஒரு சிட்டிகை போடு” என்றாள். போட்டேன். சரியாகச் சொன்னாள்.

ஜூன் 15. ஞாயிறு

அம்மணி மூலக்குளம் போய் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தாள். கோவிந்தராஜுக்கு முடி மொத்தமும் வெளுத்துவிட்டதாம். போன வருஷம் இருதயத்தில் ஏதோ வைத்தார்களாம், இவளிடம் சொல்லவே இல்லை. இனி அவ்வளவு தூரம் விமானத்தில் வரமுடியுமா என்பது சந்தேகமாம்.

“என்னப் பத்தி கேட்டானா?”

“கேக்கல” என்றாள். பிறகு சட்டியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். கழுவின சட்டிதான் அது.

“ஒரு தபா எங்கூட்டுல அவனுக்கு சோறு போட்டுட்டன்னா போதும்யா” என்று சட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

ஜூன் 19. வியாழன்

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதத்தான் வேண்டும்.

வோட்காவில் இன்னும் என்னென்ன வாசனை உண்டு என்று முத்துக்குமாரைக் கேட்டேன். போனில் பார்த்துப் படித்தான். மிளகு, தேன், வெள்ளரிக்காய், மிளகாய்கூட உண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதைக் கலக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னான்: “போலந்துல ஒண்ணு இருக்குது யப்பா. காட்டுப் புல்லுல வாசனை ஏத்தறது. அடையாளத்துக்கு பாட்டிலுக்குள்ளயே ஒரு புல்லு போட்டு விக்கறாங்க.”

அந்தப் பாட்டிலை நான் பார்த்திருக்கிறேன்.

முத்துக்குமார் கலியாணத்துக்கு மறுநாள் கறி விருந்து. பதினோரு வருஷத்துக்கு முன்னால். கோவிந்தராஜ் பிரான்சிலிருந்து ஆசையாக ஒரு பாட்டில் கொண்டுவந்து, “மாமா, நீ தான் தெறக்கணும்” என்று என் கையில் கொடுத்தான். உள்ளே நீளமாக ஒரு புல் கிடந்தது. நான் புல் அறுத்துப் பிழைத்தவன். பாட்டிலில் புல் இருந்தால் எனக்கு என்ன தோன்றும்? அழுக்கு என்று தோன்றியது. துண்டில் வடிகட்டினேன். புல்லை ஈர்க்குச்சியால் எடுத்து ஆட்டுக்குப் போட்டேன். அதோடு விட்டேனா? பந்தியில் நாற்பது பேர் இருக்கும்போது உரக்கச் சொன்னேன்:

“பிரான்ஸ்ல மாட்டுக்குத் தண்ணி காட்டின பாட்டில கழுவாம கொண்டாந்துட்டாருடா நம்ம சொல்தா.”

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவனை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். பந்தி மொத்தமும் சிரித்தது. கோவிந்தராஜ் பாதிச் சோற்றில் இலையை விட்டு எழுந்தான். கை கழுவினான். போய்விட்டான். அன்றிலிருந்து எங்கள் ஊர் உறுவையாற்றில் அவனுக்கு ‘புல்லு சொல்தா’ என்று பேர்.

ஒரு தமாஷுக்குப் போய் இவ்வளவு ரோஷமா, பிரான்ஸ் திமிரு என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தேன். திமிரு யாருக்கு? தெரியாதது எனக்கு. பேர் வாங்கினது அவன்.

ஜூன் 20

அந்தப் புல்லுதான்டா ருசி. மடையா. அந்தப் புல்லுதான் ருசி.

ஜூன் 22. ஞாயிறு

அம்மணியிடம் எல்லாம் சொன்னேன். போன் போட்டுக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

“போன்ல கூப்பிட்டா வருவானா? அக்கா புருசன் தட்டோட போயி கூப்பிடணும். இத்தினி வருசம் நீ போனியா?”

போகவில்லை. சரி, போகிறேன். ஆனால் வெறும் கையோடு போகமாட்டேன். போலந்துப் பாட்டில் இங்கே கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அது அவன் கொடுத்தது, நான் கொடுத்தது ஆகாது. நம் பக்கம் இல்லாத புல்லா? வாசனையில்லாத வோட்கா ஒரு பாட்டில் வாங்கி மூன்று கண்ணாடி ஜாடியில் பிரித்தேன். ஒன்றில் அருகம்புல், ஒன்றில் எலுமிச்சைப் புல், ஒன்றில் வெட்டிவேர். ஒவ்வொன்றின் மேலும் காகிதத்தில் பேரும் தேதியும் எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். நான் எழுதியதை நானே தூர நின்று படித்தேன். மூன்று தடவை.

ஜூன் 24

வெட்டிவேர் அருமையாக இருக்கிறது. நல்ல சரக்கு இன்னும் ஊறட்டும்.

ஜூன் 26. வியாழன்

பேராசை. நான்காம் நாள் வெட்டிவேர் கசந்துவிட்டது. இரண்டாம் நாளே வேரை எடுத்திருக்கவேண்டும். நிலவேம்புக் கஷாயம் தோற்றது. அருகம்புல் பச்சையாகி, மாட்டுத் தொட்டியில் அடிக்கும் நெடி அடிக்கிறது. எலுமிச்சைப் புல் மட்டும் தேறியது. ஆனால் அது எலுமிச்சை வோட்காவுக்குத் தங்கச்சி போலத்தான் இருக்கிறது, புல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வெட்டிவேரைத் திரும்பவும் போட்டிருக்கிறேன். இந்த முறை நாளை எண்ணுகிறேன்.

ஜூன் 29. ஞாயிறு

அந்தப் புல் வோட்காவை ஆப்பிள் ஜூஸில்தான் கலந்து குடிப்பார்களாம், முத்துக்குமார் போனில் பார்த்துச் சொன்னான். மூன்று மூடி வெட்டிவேர் வோட்கா, டப்பாவில் வரும் ஆப்பிள் ஜூஸ் ஒன்பது மூடி. தித்திப்பு தூக்கலாக இருந்தது. ஜூஸைக் குறைத்துக் கால் எலுமிச்சை பிழிந்தேன். ஐஸ் போட்டதும் வாசனை ஒளிந்துகொண்டது, ஐஸ் கொஞ்சம் கரைந்ததும் எழுந்து வந்தது. இது ஏன் என்று யாரைக் கேட்பது?

அம்மணி மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். “புதுப் பாய் விரிச்ச மாதிரி இருக்குது” என்றாள். பிறகு, எனக்குத் தெரியாது என்று நினைத்து, விரலை விட்டு நக்கினாள்.

ஜூலை 2. புதன்

போனேன். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, ஒரு சீப்பு வாழைப்பழம். மஞ்சப்பையில் வெட்டிவேர் வோட்கா பாட்டில், உள்ளே ஒரே ஒரு புல். வெட்டிவேர்ச் செடியின் புல்தான், நன்றாகக் கழுவிப் போட்டேன்.

கோவிந்தராஜின் சம்சாரம் லில்லி கதவைத் திறந்து, “வாங்கண்ணா” என்றது. அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். ஆனால் வா என்று சொல்லவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்தது மறந்துவிட்டது. பாட்டிலை மேஜையில் வைத்தேன்.

“இன்னா மாமா இது?”

“புல்லு.”

அவன் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“அழுக்கு இல்ல, அதான் ருசின்னு இப்பதான் தெரிஞ்சிச்சி கோவிந்து” என்றேன்.

“எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்ல உட்டியா நீ?” என்றான். பிறகு மெதுவாக: “சின்ன வயசுலருந்து என்ன யாரு கிண்டல் பண்ணாலும் நீ பண்ண மாட்ட. பட்டாளத்துக்குப் போறன்னு ஊரே சிரிச்சப்ப, நீ ஒருத்தன்தான் பஸ் ஏத்தி உட்ட. அன்னிக்கு நீயே ஆரமிச்சி வெச்ச.”

தப்பு என்றேன்.

“நாப்பது பேருக்கு முன்னால சிரிச்ச. ஊட்டுக்குள்ள வந்து தப்புன்னா எப்பிடி மாமா?”

ஞாயிறு பதிமூன்றாம் தேதி சாப்பிட வா என்றேன். பார்க்கலாம் என்றான். லில்லி காபி கொடுத்தது. குடித்தேன். எந்த ருசியும் தெரியவில்லை.

ஜூலை 4

அவன் சொன்னது நியாயம். அந்தப் பந்தியில் இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருப்பவர்களைக் கூப்பிடுகிறேன். நடேசன்தான் அன்று அதிகம் சிரித்தவன், அந்தப் பேரை ஊருக்குள் பரப்பியதும் அவன்தான். முதலில் அவனை.

ஜூலை 10

பந்தியில் சொல்லவேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதிவைத்திருக்கிறேன். வாயால் சொன்னால் உளறுவேன், இல்லையென்றால் தமாஷ் பண்ணிவிடுவேன். எனக்கு என் வாயைத் தெரியும்.

மூலக்குளத்திலிருந்து போன் இல்லை.

ஜூலை 13. ஞாயிறு

எழுத ஆரம்பிக்கிறேன், கை முந்துகிறது.

பன்னிரண்டு மணிக்கு ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். அவன் வரவில்லை. பதினொன்றரைக்கே கரண்ட் போய்விட்டது, ஐஸ் எல்லாம் தண்ணீர். அம்மணி மீன் குழம்பை இரண்டு தடவை சுடவைத்தாள். நடேசன், “இன்னாய்யா மணவாளா, உன் மச்சானுக்குப் பதிலா நாங்களே குடிச்சிட்டுப் போயிடறோம்” என்றான்.

ஒன்றே காலுக்குக் கார் வந்தது. கோவிந்தராஜ் இறங்கி வாசலிலேயே நின்றான். லில்லி மட்டும் உள்ளே வந்தது.

நான் காகிதத்தை எடுத்தேன். நான் படிப்பதை இவர்கள் யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்:

“பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் மைத்துனன் கொண்டுவந்த பாட்டிலில் இருந்த புல் அழுக்கு அல்ல. அதுதான் அதன் வாசனை. அது தெரியாதவன் நான். தெரியாமல் அவனைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன். அந்தப் பேரைச் சொல்லி இனி யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது. இப்படிக்கு மணவாளன்.”

அஞ்சாறு வரி. படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனதோ. யாரும் அவசரப்படுத்தவில்லை.

நடேசன் தொண்டையைக் கனைத்தான். “அப்ப யார்னா ஒருத்தர ஒரு பேர் சொல்லிக் கூப்பிடணுமே. பழகிப்போச்சு.”

வாசலிலிருந்து கோவிந்தராஜ் சொன்னான்: “வடிகட்டி மாமான்னு கூப்பிடுங்க.”

அவன்தான் முதலில் சிரித்தான். பிறகு நான். பிறகு எல்லோரும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

ஐஸ் இல்லாத வெட்டிவேர்க் கலவையைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு வாயிலேயே வைத்திருந்தான். “ஜூஸ் அதிகம் மாமா” என்று சொல்லி, டம்ளரோடு நேராகச் சமையலறைக்குப் போனான். டாக்டர் அவனுக்கு ஒரு டம்ளர்தான் அனுமதித்திருக்கிறாராம், அந்த ஒன்றையே சாயங்காலம் வரை திருத்திக்கொண்டிருந்தான். மீன் குழம்பு மூன்று தடவை கேட்டான். அம்மணி கடைசிவரை உட்காரவே இல்லை.

ஜூலை 15. செவ்வாய்

கடைத்தெருவில் என்னை ‘வடிகட்டி’ என்று கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 17. வியாழன்

கோவிந்தராஜ் போன் செய்தான். என்னிடம்தான், அம்மணியிடம் இல்லை. வோட்காவில் மாங்காய் சீவி, மிளகாய் கீறிப் போட்டு ஊறவைத்தால் எத்தனை நாளில் எடுக்கவேண்டும் என்று கேட்டான். மிளகாயை ஒரு நாளில் எடு, மாங்காய் கிடக்கட்டும் என்றேன். அதெல்லாம் சரிவராது, ஞாயிற்றுக்கிழமை ஜாடியோடு வருகிறேன், நேரில் பார்த்துச் சொல்லு என்றான்.

வந்துபோ என்று நான் சொல்லவில்லை. அம்மணியும் சொல்லவில்லை. யாரும் கூப்பிடாமல் வருகிறான். அவள் இப்போதே மீன்காரியிடம் வஞ்சிரம் சொல்லிவைத்துவிட்டாள்.

மாங்காய் ஜெயித்ததா, மிளகாய் ஜெயித்ததா என்பது அவன் சாப்பிட்டுக் கிளம்பின பிறகுதான் தெரியும். அடுத்த வாரம் கை ஒழிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.