உடன்பிறந்தவர்: இல்லை

நிலா ஆய்வுக்கூடம், தென்முனை
நாள் 212, 07.10
எழுதுவது மரபணு ஆய்வாளர் நப்பின்னை. கூடத்தில் வேறு ஆள் இல்லை. ஆக்சிஜன் சரி, காபி மோசம். பூமியிலிருந்து எண்பது பேரின் மரபணு விவரங்கள் வந்துவிட்டன. மனச்சிதைவு நோயாளிகள் நாற்பது, நோயில்லாதவர்கள் நாற்பது. கே-9 என்ற மரபணுவின் மாற்றத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும். ஆள் குறைந்ததால் பூமியிலிருந்து கிளம்பும் முன் என் ரத்தத்தையும் கொடுத்திருந்தேன். நோயில்லாதவர்களில் எண் 12 நான்தான்.

நாள் 213, 11.40
கணினி வேலையை நிறுத்திவிட்டது. "நோயாளி 31, நோயில்லாதவர் 12: உடன்பிறந்தவர்கள். ஒருவரை நீக்கவும்."
31இன் படிவத்தைத் திறந்தேன். பாளையங்கோட்டை, வயது இருபத்தொன்பது. உடன்பிறந்தவர்: இல்லை. என் தம்பி வேந்தனின் கோணல் கையெழுத்து.
நான் மட்டும் யோக்கியமா? இங்கே வர விண்ணப்பித்தபோது, குடும்பத்தில் மனநோய் இல்லை என்றுதான் எழுதினேன். உண்டு என்றால் அன்றே கழித்துக்கட்டியிருப்பார்கள்.

நாள் 213, 16.05
இருவருக்கும் கே-9 மாற்றம் இருக்கிறது. முடிவு மயிரிழையில் நிற்கிறது. என்னை நீக்கினால் தொடர்பு உறுதியாகும், ஆனால் ஆய்வாளரின் ரத்தம் என்பதால் காரணம் எழுத வேண்டும், என் பொய் சந்திக்கு வரும். அவனை நீக்கினால் நோய்க்கும் கே-9க்கும் தொடர்பு இல்லை என்று முடிவு வரும். நோயாளிகள் விலகுவது வழக்கம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.
ஆனால் ஆய்வில் இருக்கும் நோயாளிகளுக்கு மட்டும்தான் புது மாத்திரை கொடுக்கிறார்கள். ஏதோ புது மாத்திரை சாப்பிட்டு ஆறு மாதமாக அவன் காதில் குரல்கள் கேட்கவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். அது இதுதான்.
31ஐ நீக்கினேன். வேறு மருந்து கொடுப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாள் 219, 09.20
வேந்தனிடமிருந்து:
"மாத்திரை இனி கிடையாதுன்னுட்டாங்கக்கா. ஃபாரத்துல உன் பேரை மறைச்சதைக் கண்டுபிடிச்சிட்டாங்க போல. எழுதினா உன்னை நிலாவுல இருக்க விடமாட்டாங்கன்னுதான் எழுதல. நீ எதையும் சொல்லிராத. சாப்பிட்டியா?"

நாள் 219, 10.15
எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு பூமியிலுள்ள மேலிடத்துக்கு எழுதினேன். பதில்: "நீக்கப்பட்டவரை மீண்டும் சேர்க்க விதியில்லை. அடுத்த விண்கலத்தில் நீங்கள் திரும்பலாம்."
கலம் வர எழுபது நாள்.

நாள் 241
மணி பார்க்கவில்லை. தினமும் அவனைக் கூப்பிடுகிறேன். அக்கா பேசுகிறேன், அக்கா பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இன்றுதான் பதில் வந்தது:
"அக்கான்னு சொல்லிக்கிட்டு தினம் ஒரு குரல் வருது. யாரு நீ? எனக்குக் கூடப்பிறந்தவங்க யாருமில்ல. ஃபாரத்துலயே எழுதியிருக்கேன்."