கேக்குக்கு முன்னால் ஒரு ஜெபம்

டிசம்பர் 18
பல் கிளினிக்கில் கூட்டம். நாளெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் என் வாய்தான் மூடுவதில்லை. கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்குச் சரம் சுற்றிக்கொண்டிருந்தேன். தம்பி, "சாமி வேணாம், சாமியோட பிறந்தநாள் மட்டும் வேணுமாக்கா?" என்றான்.

"கேக் எல்லாருக்கும் பொதுடா. உன் ஆண்டவரை நீயே வெச்சுக்கோ."

சிரித்தான். குடியை விட்டதிலிருந்து என்னோடுதான் இருக்கிறான். லிஃப்ட் மெக்கானிக் வேலையும் திரும்பக் கிடைத்துவிட்டது. எல்லாம் ஜெபத்தால் வந்ததாம். மாத்திரை, டாக்டர், நான் — இதெல்லாம் கணக்கிலேயே இல்லை போலிருக்கிறது.

டிசம்பர் 21
காலையில் சோஃபாவில் கண்ணை மூடிக் கிடந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு முணுமுணுத்தான்: "ஆண்டவரே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நான் அதைத் தொடாம பாத்துக்கோங்க. அக்கா முதுகுவலியையும் கொஞ்சம் பாருங்க." பால் பொங்கி வழிந்தது. ஆண்டவர் என் முதுகைப் பார்க்கப் போயிருப்பார்! சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

டிசம்பர் 24
நாளை விருந்து. கிளினிக் நண்பர்கள் வருகிறார்கள். தம்பி கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணும் வருகிறாள். திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். "டெய்லரம்மா" என்றுதான் கூப்பிடுகிறான். உன் பழைய கதை அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"புது வருஷத்துல நானே சொல்லிடறேன்க்கா. அவ அப்பா குடிச்சே செத்தவரு. பக்குவமாத்தான் சொல்லணும்."

டிசம்பர் 25
எழுதக் கை வரவில்லை.

டிசம்பர் 26
எழுதித்தான் ஆகவேண்டும்.

சாப்பாட்டு மேசையில் வழக்கம்போல் கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சு. நான்தான் ஆரம்பித்தேன். எதைக் கேட்டாலும் தம்பி, "எனக்கு உதவி பண்ணாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றான். என் நண்பர்களே தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

கேக் முன்னால் எழுந்து நின்றேன். கைகூப்பினேன். அவன் குரலை அப்படியே கொண்டுவந்தேன். "ஆண்டவரே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நான் அதைத் தொடாம பாத்துக்கோங்க" — சொல்லிக்கொண்டே கிரீமை விரலால் வழித்து நக்கினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டெய்லரம்மாவும் சிரித்தாள். தம்பி என்னைப் பார்த்தான். அன்று சோஃபாவில் நான் தூங்கவில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. "என்னங்க, ஏன் இப்படி ஆயிட்டீங்க? எதைத் தொடாம?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "குடிங்க. போன வருஷம் வரைக்கும் குடிச்சிட்டிருந்தேன்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "சாப்பாடு நல்லா இருந்துச்சுக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கடவுள் இல்லைன்னு இப்பவும் சொல்வேன். ஆனா நான் கேலி பண்ணது கடவுளையா? அவன் பயத்தை இல்ல எடுத்து நாலு பேருக்கு விளையாட்டு காட்டினேன். தெரிஞ்சேதானே செஞ்சேன்? முந்தின நாள்தானே சொன்னான்? ச்சீ.

டிசம்பர் 29
தம்பி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டான்.

"குடிக்கலக்கா."

செருப்பை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜனவரி 4
டெய்லரம்மா கடைக்குப் போனேன். "தப்பு என்னுதும்மா. அவனை விட்டுடாதே" என்றேன். தையல் மெஷினை நிறுத்தினாள்.

"அவரை விடலக்கா. தினம் வந்து பேசிட்டுத்தான் இருக்காரு. ஆனா அதை அவரு வாயால கேட்டிருக்கணும். உங்க வாயால கேட்டு நானும் சிரிச்சேனே, அதுதான் தாங்கல."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்ததும் கிளம்பி வந்தேன்.

பிப்ரவரி 11
தம்பி துணிமணியை எடுத்துக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போய்விட்டான். அடுத்த மாதம் கல்யாணம். என்னைக் கூப்பிட்டிருக்கிறான்.

ஏப்ரல் 20
அவர்கள் வீட்டில் சாப்பிட அழைத்திருந்தார்கள். டெய்லரம்மாவே தட்டு வைத்தாள். உட்கார்ந்தோம். தம்பி ஜெபத்துக்குக் கூப்பிய கையைப் பிரித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. கொஞ்ச நேரம் பால்கனில நிக்கிறியா?"

அவன் குரலில் கோபம் இல்லை.

"சரிடா" என்று எழுந்தேன். கண்ணாடிக் கதவை நானே சாத்தினேன். அவர்கள் உதடு அசைவதுகூடக் கண்ணில் படாதபடி தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், அவன் வந்து கூப்பிடும்வரை.