அட்டவணையில் நீ ஒருவன்

சாம்சோக்,
சனிக்கிழமை பிற்பகல்

அன்புத் தம்பி கிஹோவுக்கு,

உன் அக்கா யாங்ரான் எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. உன் கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படி எழுதுவது? கதவின் அடியில், முன்பெல்லாம் பால் பாக்கெட் போடுவார்களே, அந்தத் துளை வழியாக இதைத் தள்ளப்போகிறேன். எடுத்துப் படி.

உன் பார்சல் நேற்று வந்தது. கிம்ச்சி ஊறுகாய் போட்டு நான் அனுப்பிய டப்பாக்கள் ஏழும், கழுவித் துடைத்து, மூடியோடு. ஒன்பது வருடமாகத் திருப்பித் தா என்று நான் கெஞ்சியும் நீ ஒன்றைக்கூடத் தந்ததில்லை. "டப்பா என்கிட்ட இருந்தாத்தான் அதைத் தேடிக்கிட்டாவது நீ வருவ" என்பாய். மேசையில் ஏழையும் அடுக்கிப் பார்த்தேன். இனி நான் வரவே வேண்டாம் என்கிறாயா? புதன்கிழமையிலிருந்து உன் போனும் அணைந்திருக்கிறது. இன்று முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

உன் பள்ளியிலேயே வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு பியோ டீச்சர்தான் எல்லாவற்றையும் சொன்னார். ஆறாம் வகுப்பில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், நீ ஒருவனைக் கையைப் பிடித்து விலக்கினாய், மணிக்கட்டு சிவந்துவிட்டது. அவன் அம்மா குழந்தை வதை என்று புகார் கொடுத்துவிட்டார். விசாரணை முடியும்வரை நீ பள்ளிக்குள் காலெடுத்து வைக்கக் கூடாதாம். சண்டை என்றால் எப்போதும் ஏன் இவனே போகிறான் என்று கேட்டேன்.

"வேற யாரு போவாங்க அக்கா? இருக்கிறது ஒரே ஆம்பளை. முரட்டு வகுப்பு, சண்டை விசாரணை, முகாம், குளவிக்கூடு கலைக்கிறது வரைக்கும் அவர் தலையிலதான். நமக்கு வரலையேன்னு நாங்களும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டோம்" என்று அழுதார்.

நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன், கிஹோ. இந்த மாதம் முழுக்கக் கல்வி அலுவலகத்தில் நான் செய்த வேலை என்ன தெரியுமா? உலகத்தில் எந்தப் பகுதியில் தொடக்கப்பள்ளி ஆண் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று ஒப்பிடும் அட்டவணை. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் பாதிக்கு மேல் ஆண்கள். நடு ஆசியாவில் பத்தில் ஒருவர் இருப்பதே அரிது. நம் நாடு நடுவில், பெண்கள் பக்கமாகச் சாய்ந்து. அதன் பின்னிணைப்பில் நம் பள்ளிகளின் பட்டியல். உன் பள்ளிக்கு நேரே ஒன்று என்று நானே தட்டினேன். ஓர் ஆணாவது இருக்கும் பள்ளியில் ஒழுங்கு மேம்படும் என்று குறிப்பும் எழுதினேன். அந்த ஒன்று சாப்பிடுகிறதா, தூங்குகிறதா என்று கேட்கத் தோன்றவில்லை.

உன்னை ஆசிரியர் கல்லூரிக்குத் தள்ளியதும் நான்தான். கப்பல் கட்டும் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தாய். ஆசிரியர் படிப்பில் பையன்களுக்கென்று தனியாக இடம் வைத்திருக்கிறார்கள், சுலபமாகக் கிடைக்கும் என்று சொல்லி அதை மாற்ற வைத்தேன்.

அம்மாவின் பிறந்தநாளை எண் பூட்டில் அழுத்திப் பார்த்தேன். திறக்கவில்லை. எண்ணை எப்போது மாற்றினாய்? கொஞ்ச நேரத்துக்கு முன் உள்ளே குழாய் ஓடியது. நீ இருக்கிறாய் என்று உயிர் வந்தது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது. பெயர் சொல்லிக் கத்தினேன். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பியோ டீச்சர் அவசர உதவிக்காரர்களை அழைத்துவிட்டார். பூட்டை உடைப்பார்களாம். அதற்கு முன் நீயே திறந்துவிடு.

அடுத்த வருடம் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் வரட்டும். நீ வேலையை விடு. பூஜ்யத்தை நானே தட்டுகிறேன், சந்தோஷமாகத் தட்டுகிறேன். வேறு எந்தக் கணக்கிலும் நீ குறையக் கூடாது.

டப்பாக்களைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்றில் முள்ளங்கி கிம்ச்சி இருக்கிறது, மற்ற ஆறும் காலி. ஏழும் உன்னிடமே இருக்கட்டும். திருப்பித் தராதே.

காகிதத்தைத் தள்ளியதும் அதே துளையில் என் கையை விடுவேன். முழங்கை வரை போகும். பேச வேண்டாம், எதையும் விளக்க வேண்டாம். எழுந்திருக்க முடியாவிட்டால் தரையில் ஒரு தட்டுத் தட்டு. முடிந்தால் வந்து என் விரலைப் பிடி.

அம்மா இருந்தால் நூறு வயது இரு என்று வாழ்த்தியிருப்பாள். எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. கதவுவரைக்கும் வா, தம்பி.

கையை நீட்டியபடி,
உன் அக்கா
யாங்ரான்